தண்ணீர் சுமந்தவர்களின் கதவு

இரண்டு வருடங்களுக்கு முன், ஓகஸ்ட் விடுமுறையில் நடந்தது இது. ஆலங்குடாவுக்குக் கிட்ட, கடலைப் பார்த்தபடி வெள்ளைக்காரர் காலத்து ஹோட்டல் ஒன்று இருக்கிறது. எங்களுக்குத் திருமணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதற்காக, கட்டாரில் இருக்கும் மகள் அங்கே இரண்டு நாளுக்கு அறை எடுத்துத் தந்திருந்தாள்.

நான் புத்தளத்தில் ஆசிரியை. கணவருக்கு முந்தலில் இரும்புச் சாமான் கடை. அப்படியான இடத்தில் நாங்கள் தங்கியதே இல்லை. ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்குக் கதவுகள், நடந்தால் முகம் தெரிகிற தரை, வெள்ளை உடுப்பில் பணியாட்கள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது. ஏதாவது தப்பாகச் செய்து விடுவோமோ என்று ஒரே யோசனை.

இவருக்குச் சீனி வருத்தம். பகல் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் ஊசி போட வேண்டும். லுஹர் தொழுத பிறகு ஊசியைப் போட்டுக்கொண்டு, சாரனும் சேர்ட்டுமாகச் சாப்பிடக் கிளம்பினார். நான் மறித்தேன்.

“சாரனோடயா அந்த மண்டபத்துக்குள்ள வாரீங்க? எல்லாரும் பாப்பாங்க. குளிச்சிட்டு காற்சட்டையப் போடுங்க.”

“பசிக்குது புள்ள,” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போனார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

நான் கண்ணாடி முன் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தேன். கால் மணி நேரம் போயிருக்கும். உள்ளே ஏதோ விழுந்த சத்தம். கூப்பிட்டேன், பதில் இல்லை. கதவில் காதை வைத்தால் தண்ணீர் ஓடுவது மட்டும் கேட்டது. ஊசி போட்டவர் சாப்பிடாமல் நிற்கிறார், உடம்பில் சீனி இறங்கியிருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கத்திக்கொண்டு வெளியே ஓடினேன். மனேஜரும் இரண்டு பணியாட்களும் வந்தார்கள். தோளால் இடித்தார்கள், காலால் உதைத்தார்கள். அந்தத் தேக்கங்கதவு அசையவே இல்லை. ஜன்னலோ கூரைக்குக் கிட்ட, அதுவும் கம்பி போட்டது. ஊருக்குள் இருக்கும் தச்சனுக்கு மனேஜர் போன் எடுத்தார். அவர் வர இருபது நிமிடமாவது ஆகுமாம்.

அப்போது படுக்கை விரிப்புகளைச் சுமந்துகொண்டு அறை துப்புரவு செய்யும் பெண் ஒருத்தி வந்தாள். காலையில் எங்கள் அறையைக் கூட்டியவள். நான் அவளை நிமிர்ந்துகூடப் பார்த்திருக்கவில்லை. விஷயத்தைக் கேட்டதும் விரிப்புகளை அப்படியே கீழே போட்டாள்.

“இஞ்சால வாங்க, ராத்தா. பின்னுக்கு ஒரு கதவு இரிக்கி!”

அப்படி ஒன்று இருப்பது மனேஜருக்கே தெரியாது. கட்டடத்தைச் சுற்றி ஓடினோம். பின்சுவரில், செடிகள் மூடிக்கிடந்த இரண்டு படிகளுக்கு மேல், குனிந்துதான் நுழையக்கூடிய ஒரு சின்னக் கதவு. குறுக்கே பலகை அடித்துச் சுவரின் நிறத்தையே பூசியிருந்தார்கள். அவள் தோட்டக்காரரின் இரும்பு அலவாங்கை வாங்கி, பலகைக்கு அடியில் கொடுத்து நெம்பினாள். பலகை பிளந்தது. பணியாட்கள் இடித்த இடியில் கதவு உள்ளே சாய்ந்தது.

இவர் நனைந்த சாரனோடு சுவரில் சரிந்து கிடந்தார். உடம்பெல்லாம் குளிர்ந்த வேர்வை. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் என்னைத் தெரியவில்லை. நான் அழுதுகொண்டு நின்றேன். அவள்தான் குசினிக்கு ஓடிச் சீனி கொண்டு வந்தாள்.

“என்ட மாப்பிளைக்கும் இதே வருத்தந்தான். பயப்படாதீங்க,” என்று சொல்லிக்கொண்டே, கொஞ்சம் சீனியை நனைத்து அவருடைய கன்னத்தின் உள்பக்கம் தடவச் சொன்னாள். தடவினேன். மெல்ல மெல்ல விழுங்கத் தொடங்கினார். நன்றாக முழிப்பு வந்த பிறகு சீனி கரைத்த தேத்தண்ணீர் கொடுத்தோம். “ஏன் அழுற?” என்று அவர் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. ஆஸ்பத்திரியில் காட்டினோம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று டொக்டர் சொன்னதை இங்கே எழுத மனம் வரவில்லை.

பின்னேரம் அவளைத் தேடிப் போய், அந்தக் கதவு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“எங்கட வாப்பா சின்ன வயசுல இஞ்சதான் வேல செஞ்சாரு. அப்ப பைப் இல்லயாம். குளிக்கிறவங்களுக்கு வாப்பாதான் சுடுதண்ணி சுமக்கணும். தண்ணி சுமக்கிற ஆள் பெரிய மனுசர்ட கண்ணுல படக் கூடாதுன்னு பின்னால அந்தக் கதவ வெச்சீக்காங்க. வாப்பா மவுத்தாகுற வரைக்கும் அந்தக் கதையச் சொல்லிட்டே இருந்தாரு.”

அவள் கைகளைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் நின்ற இவர்தான், “தங்கச்சி, ஒங்கட வாப்பாக்கு நான் துஆ கேப்பன்,” என்றார். அதுவரை திடமாக இருந்தவள் அப்போது அழுதுவிட்டாள்.

இவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றி வருகிறார், நானும்தான். யாருடைய கண்ணிலும் படாமல் வந்துபோன ஒரு மனிதரின் பாதையால்தான் என் கணவரின் உயிர் எனக்குத் திரும்பக் கிடைத்தது என்பதை, தொழுதுவிட்டுக் கையேந்தும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.