ஜாதிக்காய்ச் சாறும் ஒரு காற்றுக்குமிழும்

நாற்பதைத் தாண்டிய பிறகு, ஆசிரியர் வேலையில் விடுப்பு வாங்கிக்கொண்டு பினாங்கில் மேற்படிப்புக்குப் போனவன் நான். தொண்ணூறுகளின் நடுவில். பாலிக் புலாவ் என்ற அந்தத் தீவின் கிராமத்து ஜாதிக்காய்ச் சாற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துக் காட்ட வேண்டும். அதற்கு ஒரு கண்ணாடிக் குழாய். தலைமுடி தடிமன்தான், உள்ளே சிலிக்காத் தூள். இரு முனைக்கும் இடையே பல்லாயிரம் வோல்ட் கொடுத்தால் மின்சாரமே திரவத்தை இழுத்துக்கொண்டு ஓடும். தூளோடு ஒட்டாத சரக்கு முந்தி வரும், ஒட்டி உறவாடுவது பிந்தி வரும். கல்யாண வீட்டிலிருந்து கிளம்பும் சொந்தக்காரர்களைப் போல.

தூளை அடைக்கவே வாரக்கணக்கானது. தேறியது ஒரே குழாய். மறுநாள் பேராசிரியர் பார்க்க வருகிறார். வாரக் கடைசியில் என் விடுப்பு முடிகிறது. காட்ட முடியாவிட்டால் பட்டமில்லாமல் பள்ளிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

சுவிட்சைப் போட்டேன். மின்னோட்டம் கொஞ்சம் ஆடியது, பூஜ்யத்தில் விழுந்தது. நானும் விழுந்தேன், நாற்காலியில். தலைமையாசிரியரிடம் சொல்லப்போகும் பொய்யை ஒத்திகை பார்த்து, தைப்பூசத்துக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டு, கருவியைத் தட்டிக்கொடுத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பாகான் டாலாம் ஊர்ப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"என்ன அண்ணே, அதுகிட்ட பேசிக்கிட்டு இருக்கீங்க?"

"குழாய் செத்துப்போச்சும்மா."

அவள் குழாயில் ஓடவிட வைத்திருந்த என் திரவப் புட்டியைத் தொட்டாள். சில்லென்றிருந்தது.

"பிரிட்ஜ்ல வச்சீங்களா?"

"வெயில்ல கெட்டுடக் கூடாதேன்னு..."

"இது என்ன ஐஸ் கச்சாங்கா? குளிர்ந்த தண்ணி காத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். குழாய்க்குள்ள சூடானதும் விட்டுரும். ஒரு குமிழ் போதும், கரண்டு நின்னுடும். குழாய்க்கு ஒண்ணும் ஆகல."

ஆய்வகத்தில் எல்லாருக்கும் இருந்தது ஒரே அழுத்தப் பம்பு; அன்று அவள் முறை. ஓடிக்கொண்டிருந்த தன் சோதனையை நிறுத்திவிட்டு, என் குழாயை அதில் மாட்டிக் குமிழை வெளியே தள்ளினாள். திரவத்தையும் அதிர்வுத் தொட்டியில் வைத்துக் காற்றை உதறவிட்டாள்.

"உன் வேலை?"

"நாளைக்கு ஓடும். நீங்க முதல்ல மூச்சு விடுங்கலா அண்ணே."

மறுநாள் திரையில், பிரிந்து வந்த ஒவ்வொரு சரக்குக்கும் ஒன்றாக, சிகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றையொன்று இடிக்காமல் எழுந்தன. பேராசிரியர் தலையசைத்தார். பிரிட்ஜ் கதையைப் பற்றி அவரிடம் அவள் மூச்சுவிடவில்லை. பட்டம் கிடைத்தது.

தைப்பூசத்தன்று பினாங்கில் தேர் வரும் தெருவில் தேங்காயோடு நின்றேன். குடும்பத்தோடு வந்திருந்த அவள் என் தேங்காயைத் தொட்டுப் பார்த்தாள்.

"பரவாயில்ல அண்ணே, இதைப் பிரிட்ஜ்ல வைக்கல."

முருகனுக்கென்று வேண்டிக்கொண்ட தேங்காய்தான். ஓங்கி உடைக்கும்போது மனசில் இருந்தது என்னவோ அவள் விட்டுக்கொடுத்த அந்தப் பம்பு.