நந்தியாற்றங்கரை மந்தாரை

கார்த்திகை இரண்டாம் ஞாயிறன்று திருத்தணிக்குப் போய் வந்தேன். மந்தாரை பூக்கும் மாதம் என்று வீட்டில் சொன்னேன். அது பாதிக் காரணம்தான்.

ஐந்து வருஷத்துக்கு முன், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது, நானும் அம்மாவும் அங்கே நந்தியாற்றுப் பக்கம் ஓர் அறையில் மூன்று மாதம் இருந்தோம். பக்கத்து வீட்டு முனியம்மா, தன் வாசல் மந்தாரையின் இலைகளைத் தைத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைத்தவர். மாட்டுக் குளம்பு போல நடுவில் பிளந்த இலை. அந்த நாட்களை நினைத்தால், சுடுசோறு விழுந்ததும் அதிலிருந்து எழும் வாசனைதான் எனக்கு இன்றும் முதலில் வருகிறது.

அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. மந்தாரைப் பட்டைக் கஷாயம் கேட்கும் என்றார்கள். முனியம்மாவும் அவர் கணவரும் ஊரில் இல்லை. நானே கத்தியால் மரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை உரித்தேன். அம்மா தேறினாள். முனியம்மா திரும்புவதற்குள் நாங்கள் பட்டணம் வந்துவிட்டோம்.

இந்த வருஷம் கல்லூரியில் தாவரவியல் வகுப்பு. இலை சமைக்கும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது, சுற்றிலும் உரித்தால் மரம் செத்துவிடும் என்றார் ஆசிரியர். அதற்குமேல் அன்று எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

சென்ட்ரலில் காலை ஏழு மணி வண்டி. அரக்கோணம் வழியாக ஐம்பது மைலுக்குச் சற்று அதிகம். பத்தேகாலுக்கு இறங்கினேன். ஜட்கா நாலணா.

“எல தைக்கிற முனியம்மாவா? ஆங், ஆத்தாண்டதான் இருக்குது. குந்துங்க” என்றார் வண்டிக்காரர்.

பழைய மரம் இல்லை. வெட்டிய அடிக்கட்டையிலிருந்து நாலு தண்டு கிளம்பி, என் தலைக்கு மேலே ஊதாவாகப் பூத்திருந்தன.

“பட்டணத்துப் பொண்ணுதான? வாம்மா” என்றார் முனியம்மா.

“மரத்தை உரிச்சது நான்தாங்க.”

“தெரியும்மா. நான் ஊருலேந்து திரும்பி வரச்சொல்லோ எல பழுத்துகினு இருந்துச்சி. அப்பால பட்டுப்பூடுச்சி. எங்க பாவா வெட்டிட்டாரு.” கணவரைத்தான் பாவா என்பார். “ரெண்டு வருசம் பள்ளிப்பட்டு ரோட்டுல நடந்து, காட்டு எல கொண்டாந்தேன்.”

“கோபம் இல்லையா?”

“இல்லாம? நெறைய இருந்துச்சி. கேக்கலாம்னா நீங்க எங்க இருந்தீங்க?” மடியிலிருந்த இலையைத் துடைத்தார். “அம்மாவுக்கு வயிறு நின்னுச்சா?”

“நின்னுதுங்க.”

“அது நல்லது” என்றார். இலைக்கூடையை என் பக்கம் தள்ளினார்.

போகிறவர்களுக்கு: கார்த்திகையில் பூவும் உண்டு, பொரியலுக்கு மொட்டும் கிடைக்கும். காய் முற்றி வெடிக்கும்போது விதை பத்தடி தெறிக்கும், பொறுக்கி வந்து நடலாம். பட்டை வேண்டுமானால் மரத்துக்காரரைக் கேளுங்கள், ஒரு பக்கத்தில் மட்டும் கையகலம் எடுங்கள்.

நான் மலைக்கோயிலுக்குப் போகவில்லை. நாலு மணி வரை இலை துடைத்து அடுக்கினேன். இரண்டு இலையைக் கிழித்துவிட்டேன். “கண்ணு எங்க வெச்சிகினு செய்யிற?” என்று முனியம்மா உரக்கத் திட்டினார். ஐந்து வருஷமாக எனக்கு வரவேண்டியிருந்த திட்டு என்று தலைகுனிந்து வாங்கிக்கொண்டேன்.