வரப்பின் மேல் ஒரு குடை

மரக்காணத்து உப்பளங்களில் மேஸ்திரி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது குடைதான். பெண்கள் பாத்திக்குள் குனிந்து உப்பு வாருவார்கள். மேஸ்திரி வரப்பின் மேல் கறுப்புக் குடையை விரித்தபடி நிற்பார். ஆராயி தாவணி போட்ட வயதிலேயே பாத்திக்குள் இறங்கியவள். அன்று முதல் அந்தக் குடையின் மேல் அவளுக்குத் தீராத கோபம். வெயில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும்போது நிழல் மட்டும் ஏன் ஒருவருக்கு என்று கேட்பாள்.

சுனாமிக்குப் பிறகு பாத்திகளெல்லாம் சேறாகிக் கிடந்தன. மேஸ்திரி ராஜாங்கம் சென்னையில் இருந்த மகன் வீட்டுக்கே போய்விட்டார். குடை மட்டும் கொட்டகை ஆணியில் தொங்கியது. இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு தை மாதத்தில் சேற்றை வாரப் பெண்கள் வந்தபோது, யார் எங்கே இறங்குவது என்று சொல்ல ஆளில்லை. ஆராயி சொன்னாள். இடுப்பு வலிக்காரியைக் கூடைக் கணக்கு வைக்க உட்காரவைத்தாள். நெட்டையான சந்தியாவைக் கரைமேல் நிறுத்திக் கூடை வாங்கச் செய்தாள். குத்தகைதாரர் தேசப்பன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பாத்திகள் பழையபடி உப்புக்குத் தயாரானதும், அவளையே மேஸ்திரி ஆக்கினார். பெண்ணொருத்தி மேஸ்திரியாக இருந்ததாக அங்கே யாருக்கும் நினைவில்லை.

தேசப்பன் நீட்டிய குடையை மட்டும் அவள் வாங்கவில்லை.

"கொடைய புடிச்சிக்கினு நிக்கறதுக்கு நான் எதுக்குங்க? நானும் எறங்கி வாருறேன்."

பெண்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. நம்மோடு நிற்கிற மேஸ்திரி என்று பக்கத்து அளத்தாரிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். ஆராயியும் எல்லோருக்கும் முன்னால் இறங்கினாள். இருப்பதிலேயே பெரிய கூடையைத் தன் தலைக்கு எடுத்துக்கொண்டாள். மற்றவரைவிட அதிகமாக முதுகை வளைப்பதுதான் தலைமை என்று அவள் மனதார நம்பினாள்.

சித்திரையில் ஒரு நாள். வாரிய உப்பு வரப்போரமெல்லாம் குவிந்து, மேட்டிலிருந்த அம்பாரத்துக்குப் போகக் காத்திருந்தது. அந்தச் சமவெளியிலிருந்து மேற்கே பார்த்தால் வெகுதொலைவில் பெருமுக்கல் மலை தெரியும். மழை வருமுன் முதலில் மறைவதும் அதுதான். அன்று அது மறைந்ததை யாரும் பார்க்கவில்லை, எல்லோருடைய கண்ணும் காலடி உப்பில் இருந்தது. முதுகில் துளி விழுந்த பிறகுதான் நிமிர்ந்தார்கள். பனையோலைத் தட்டிகளை இழுத்து வருவதற்குள், காலையிலிருந்து வாரியதெல்லாம் கரைந்து, வந்த பாத்திக்கே திரும்பி ஓடியது.

தேசப்பன் குரலை உயர்த்தவில்லை. வானூரில் தனக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவர் இருப்பதாகவும், மாதக் கடைசியில் அவரை அழைத்து வரப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட ஆராயி தாங்கியிருப்பாள். கொட்டகையில் ஒதுங்கிய பெண்கள், மழைக்கு யார் என்ன செய்ய முடியும் என்று அவளைத் தேற்றினார்கள். சந்தியா மட்டும் முந்தானையைப் பிழிந்தபடியே கேட்டாள்.

"நாங்க குனிஞ்சிக்கினு இருந்தோம், சரி. நீ எதுக்குக்கா குனிஞ்ச?"

அந்தக் கேள்வி ஆராயியோடு வீடுவரை வந்தது. சோற்றுத் தட்டின் முன்னும் உட்கார்ந்துகொண்டது. இத்தனை காலமும் ராஜாங்கம் வரப்பில் சும்மா நின்றார் என்றல்லவா நினைத்திருந்தாள்!

மறுநாள் காலையில் ஆணியிலிருந்து குடையை எடுத்தாள்.

"பாருங்கடி, ராஜாங்கம் பொடவ கட்டிக்கினு வந்துட்டாரு," என்றாள் சந்தியா. சிரிப்பு பாத்தி பாத்தியாகத் தாண்டிப் போயிற்று. ஆராயி குடையை விரித்து நின்றாள்.

சுமப்பதைவிட நிற்பது கடினமாக இருந்தது. குடை பிடிக்காத கையை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. ஆனால் நிமிர்ந்த கண்ணுக்கு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. மடை ஓரம் நீர் கசிவதைக் கண்டாள். காலில் வெட்டுப்பட்டதை மறைத்துக்கொண்டு ஒருத்தி ஒரு பக்கம் சாய்ந்து நடப்பதைக் கண்டு, அவளை ஓலை கட்டும் வேலைக்கு மாற்றினாள். மலையையும் படித்தாள். இரண்டொரு முறை புழுதியை மழையென்று நம்பி வேலையை நிறுத்த, பெண்கள் முணுமுணுத்தார்கள். அந்தத் தவறுகளிலிருந்துதான் பாடம் கிடைத்தது: புழுதி மலையின் அடிவாரத்தை மறைக்கும், மழையோ உச்சியிலிருக்கும் கோயிலை முதலில் விழுங்கும்.

மாதக் கடைசி வந்தது. வானூர்க்காரர் மறுநாள் வருவதாக ஏற்பாடு. தேசப்பன் உப்பு ஏற்ற லாரியோடு வந்து நின்றார். தலைக்கு மேல் வெயில் கொளுத்தியது. ஆராயி மேற்கே பார்த்தாள். கோயில் இருந்த இடம் வெறும் சாம்பல் நிறமாக இருந்தது.

"கூடைய எறக்குங்க. எல்லாத்தையும் மூடுங்க."

"ஏம்மா, வெயில் மண்டைய பொளக்குது. லாரி நிக்குது பாரு. நீங்க தூக்குங்கம்மா," என்றார் தேசப்பன்.

பெண்கள் தலைச்சுமையோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஆராயி சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை. நின்ற இடத்தைவிட்டு அசையவுமில்லை. முதலில் கூடையை இறக்கியவள் சந்தியா. பிறகு ஒவ்வொருவராக இறக்கினார்கள். வானம் கறுப்பதற்கு முன்பே தேசப்பனின் முகம் கறுத்தது. கடைசித் தட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது மழை இறங்கியது.

மழை ஓய்ந்ததும் ஆராயி ஒரு தட்டியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். உப்பு காய்ந்த வெள்ளையாகவே இருந்தது. தொப்பலாக நனைந்து நின்ற தேசப்பன், இனி எப்போது லாரியில் ஏற்றலாம் என்று பெண்களிடம் கேட்டார்.

"எங்கள கேட்டா? மேஸ்திரிய கேளுங்க," என்றாள் சந்தியா. இம்முறை யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் வானூரிலிருந்து ஒருவரும் வரவில்லை. தேசப்பன் அந்தப் பேச்சையே பிறகு எடுக்கவில்லை.

அடுத்த ஆண்டுப் பருவம் தொடங்கியதும் ஆராயி ஒரு புதுப் பழக்கம் கொண்டுவந்தாள். குடை முறைவைத்துக் கைமாறியது; ஒவ்வொரு நாளும் ஒருத்தி வரப்பில் நின்றாள். தேசப்பன் முகம் சுளித்தபோது, தனக்குக் காய்ச்சல் வந்து படுத்தால் மலையை யார் பார்ப்பது என்று கேட்டு அவர் வாயை அடைத்தாள். தன் முறை இல்லாத நாளில் அவளும் பாத்திக்குள் இறங்கினாள்.

அப்படியொரு நாள் சந்தியாவின் முறை. ஆராயி கூடையை நிறைத்துத் தலைக்கு ஏற்றியிருந்தாள்.

"அக்கா, கூடைய எறக்கு. மலைய காணோம்."

ஆராயி மேற்கே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தட்டியை எடுக்க நடந்தாள்.