மணி அடித்தது உண்மைதான்

அரக்கோணம் ரயிலடியில் செய்தித்தாள் வாங்கிக்கொண்டிருந்தேன். முனிரத்தினம் போன வாரம் இறந்துவிட்டதாக அவருடைய மருமகன் வந்து சொன்னார். மீதிச் சில்லறையை வாங்காமலே நடந்துவிட்டேன்.

உங்களில் பலருக்கு அவர் தறிக்காரர். எனக்கோ, என்மேல் நடந்த வழக்கின் முதல் சாட்சி. எழுபதுகளில் ஒரு நண்பகல், நான் ஓட்டிய தீயணைப்பு வண்டி திருத்தணியில் ஒரு திருப்பத்தில் அவருடைய சைக்கிளை இடித்தது. அவர் கால் முறிந்தது. கவனக்குறைவாக ஓட்டியதாக என்மேல் வழக்குப் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டுதானே போனேன் என்பதே என் வாதம்.

மணியே அடிக்கவில்லை என்று சொல்லும்படி உறவினர்கள் அவரை நெருக்கியிருந்தார்கள். அவர் ஊன்றுகோலோடு சாட்சிக் கூண்டில் ஏறி, "பெல்லு கேட்டுச்சுங்க. எந்தப் பக்கம் வருதுன்னுதான் தெரியல. பார்த்துகினு இருக்கும்போதே வண்டி வேகம் கொறையாம திரும்பிடுச்சு" என்றார்.

"அப்படியானால் தப்பு யார்மேல்?" என்று என் வக்கீல் மடக்கினார்.

"அதைத் தெரிஞ்சிக்கத்தாங்க நானும் வந்துகினு இருக்கேன்."

நீதிபதியே சிரித்துவிட்டார்.

அடுத்த வாரம் முனிரத்தினம் எங்கள் தீயணைப்பு நிலையத்துக்கே வந்துவிட்டார். "டிரைவரே, வண்டியை அதே ரோட்டுல நிறுத்தி பெல்லடிக்கச் சொல்லுங்க. நீங்க திருப்பத்துல என்கூட நில்லுங்க." எங்கள் அதிகாரி முறைத்துக்கொண்டே அனுமதித்தார். கண்ணை மூடி நின்றேன். மணி கேட்டதும் ஓசை வந்த பக்கம் கையை நீட்டினேன். கண்ணைத் திறந்தால் வண்டி எதிர்ப்பக்கம் நின்றது. சுவரில் பட்டுத் திரும்பிய ஓசை என்னை ஏமாற்றியிருந்தது. முனிரத்தினத்துக்கு ஒரே வியப்பு. "உங்களுக்கும் அப்படித்தானா!" என்றார்.

அடுத்த விசாரணையில் நீதிபதி கேட்டபோது, திருப்பத்தில் நின்று பார்த்ததை அப்படியே சொன்னேன். மணி வழி கேட்பதற்கு மட்டுமே, திருப்பத்தில் வேகத்தைக் குறைக்கும் கடமை அதனால் தீராது என்று தீர்ப்பாயிற்று. குற்றம் என்னுடையது. நன்னடத்தை உறுதி எழுதி வாங்கிக்கொண்டு என்னை விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் முனிரத்தினம் கேட்டார்: "ஆமா, அன்னிக்கு எங்கியோ தீ அணைக்கப் போனீங்களே, அது என்னாச்சு?"

வழக்கு முழுவதிலும் யாரும் கேட்காத கேள்வி அது. அம்மையார்குப்பத்தில் ஒரு வீடு, நாங்கள் போய்ச் சேருவதற்குள் எரிந்துவிட்டது, ஆட்கள் தப்பிவிட்டார்கள் என்றேன்.

"வாங்க, போய்ப் பார்க்கலாம்."

போனோம். புதுக் கூரை வேய்ந்துகொண்டிருந்த அந்த வீட்டு அம்மாவிடம், "ஃபயர் வண்டி லேட்டானதுக்கு நான் குறுக்க வந்ததுதாம்மா காரணம்" என்றார்.

"இல்லம்மா, நான்தான் வேகத்தைக் குறைக்கல" என்றேன்.

அந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மொதல்ல ரெண்டு பேரும் உட்காருங்க" என்று தண்ணீர் கொடுத்தார்.

தண்டனையை நான் மறந்துவிட்டேன். அவரோடு அந்த வீட்டுக்குப் போய் வந்ததைத்தான் நினைவில் வைத்திருக்கிறேன்.