அரக்குப் பிடிக் கத்தியும் மடு யாத்திரையும்

மலிவாகவும் இருக்க வேண்டும், பேரன் காலம்வரை நிற்கவும் வேண்டும்: கத்தி வாங்க வருகிற எல்லோரும் கேட்கிற கத்தி இதுதான், அதைச் செய்கிற கொல்லன் மட்டும் இன்னும் பிறக்கவில்லை. நீங்களும் எதையாவது விற்றுப் பிழைத்தவர்களாக இருந்தால் நான் சொல்லப் போகிற அவஸ்தை உங்களுக்கு விளங்கும். குடை விற்றவருக்கும் விளங்கும், செருப்பு விற்றவருக்கும் விளங்கும்.

மன்னார் பசாரில் எனக்கு ஒரு இரும்புக்கடை இருந்தது. தலைமன்னாருக்கு ரயில் வராத காலம் அது. காட்டுக்கு வேட்டைக்குப் போகிறவர்கள், காடு அளக்கப் போகிறவர்கள், மடு மாதா கோயிலுக்கு யாத்திரை போகிறவர்கள் எல்லோரும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போவார்கள். நானும் என் மனைவியின் தம்பி சுலைமானும் கடையைப் பார்த்துக்கொண்டோம். சுலைமான் கதிரையில் உட்கார்ந்தபடி வியாபாரம் செய்வான். எனக்கு ஓரிடத்தில் இருக்க வராது, பிறவிக் குணம். கடைக்குள்ளேயே ஒரு நாளைக்கு நாலு கட்டை, அதாவது நாலு மைல், நடந்துவிடுவேன். வருகிறவர்கள் எல்லோரும் அண்ணன் என்ற அர்த்தத்தில் என்னை நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

இடுப்புக்கு ஒன்று, வெங்காயத்துக்கு ஒன்று

நில அளவைக் கந்தோர்க்காரர்கள் மறிச்சுக்கட்டிக் காட்டில் கூடாரம் அடித்திருந்தார்கள். அவர்களுடைய சமையல்காரன் சைமன் கத்தி வாங்க வந்தான். முதலில் அவன் கை போனது மடக்குக் கத்திக்கு. "மணலும் உப்புக்காத்தும் அந்த மூட்டுக்குள்ளை பூந்தால் பிறகு திறக்க ஒரு ஆள் வேணும். கூடாரத்துக்கு மடங்காத கத்திதான் சரி" என்றேன். ஏற்றுக்கொண்டான். நான் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். உள்ளங்கை நீள அலகு இருந்தால் எல்லா வேலைக்கும் போதும் என்றும் சொல்லிவிட்டேன். அவனுக்கோ முழங்கை நீளத்தில்தான் வேண்டும். வாதாடி வாதாடித் தொண்டை வறண்டதுதான் மிச்சம், ஆசைப்பட்டதையே வாங்கிக்கொண்டு போனான்.

பத்து நாளில் திரும்பி வந்தான். முன்பு நான் காட்டிய சின்னக் கத்தியைத் தானே தேடி எடுத்தான். "பெரிசு என்ன செய்யுது, சைமன்?" என்று கேட்டேன், கொஞ்சம் குத்தலாகத்தான். அவன் வெட்கப்படவே இல்லை.

"அது துரைக்கு முன்னாலை இடுப்பிலை கட்டிக்கொண்டு நிக்கிறதுக்கு, நானா. இது வெங்காயம் உரிக்க."

அலுமாரியில் இருந்த சீமைக் கத்தி

மடுவின் ஆவணித் திருவிழாவுக்குக் கொடியேற நாலைந்து நாள் இருக்கும்போது பேசாலையில் இருந்து ஒரு மீனவனும் மனைவியும் வந்தார்கள். அவன் சந்தியாப்பிள்ளை, அவள் ரோசாலியா. அவள் இடுப்பில் ஏழெட்டு மாதக் குழந்தை. முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லையாம். மூன்றாவது தங்கினால் மடு மாதாவிடம் நடந்தே கொண்டுவந்து காட்டுவதாக நேர்த்திக்கடன். வண்டி ஏறாமல், செருப்புப் போடாமல் வீட்டில் இருந்து புறப்பட்டிருந்தார்கள். வழியில் கொட்டில் போடவும் முள் வெட்டவும் விறகு பிளக்கவும் ஒரு கத்தி வேண்டும். வீட்டில் இருந்தது மீன் வெட்டுகிற கத்தி. அந்த வாடையோடு கோயிலுக்குப் போக ரோசாலியாவுக்கு மனமில்லை.

சந்தியாப்பிள்ளை அலுமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சீமைக் கத்தியைப் பார்த்தபடி நின்றான். அதற்கு மான்கொம்புப் பிடி, மூன்று ஆணி. வாங்கினால் வழிச்செலவுக்கு இழுபறிதான், ஆனாலும் வாங்கிவிடுவான் போலிருந்தது. நான் விடவில்லை. அக்கரையில் இருந்து தோணியில் வந்து இறங்கிய புதுப் பெட்டியைத் திறந்து, பித்தளை வளையம் போட்ட ஒரு கத்தியை எடுத்து அவன் கையில் வைத்தேன். "சீமைக்காரன்ரை பேருக்கு ஏன் காசைக் குடுக்கிறாய், தம்பி? இதுவும் அதே வேலைதான் செய்யும்." அந்தப் பிடியில் ஒரு ஆணிகூட இல்லை என்பதை என் கண் கண்டது. ஆணியே இல்லாமல் எவ்வளவு இறுக்கம் என்று மெச்சிக்கொண்டேன். லாபத்துக்காகச் செய்யவில்லை, ஏழைக்கு நல்லது செய்கிறேன் என்ற பெருமையில் செய்தேன். யோசித்துப் பார்த்தால் அது இன்னும் மோசம்.

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்:

"நானா சொன்னால் சரியாத்தான் இருக்கும். பிள்ளையையும் கொண்டெல்லோ போறமெண்டு அவருக்குத் தெரியும்."

நிழலில் பாவிக்கிற கத்தி

மூன்றாம் நாள் சிலாவத்துறை மீராசா கடைக்குள் வந்தான். அதே பெட்டியில் இருந்து அதே நாளில் கத்தி வாங்கினவன். ஒரு கையில் அலகு, மறு கையில் பிடி. வண்டித் தட்டில் வெயிலில் கிடந்த கத்தியை மத்தியானம் எடுத்தானாம், பிடி மட்டும் கையோடு வந்ததாம்.

பிடிக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே அரக்கு. நல்ல கத்தியில் அலகின் வால் பிடியின் கடைசிவரை போயிருக்கும், அதைக் குறுக்கே ஆணி அறைந்து நிறுத்தியிருப்பார்கள். இதில் வால் விரலின் ஒரு கணு அளவுதான். மிச்சமெல்லாம் அரக்கை உருக்கி ஊற்றி நிரப்பியிருந்தான் புண்ணியவான். பெட்டியில் மீதி இருந்த கத்திகளை ஒவ்வொன்றாக உடைத்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆவணி வெயிலில், கரடியும் யானையும் திரிகிற காட்டுக்குள், கைக்குழந்தையோடு போன இரண்டு பேரிடம் இருப்பதும் இதே கத்திதான். மீராசா என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கோபிக்கவில்லை. அலகையும் பிடியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

"கத்தியிலை குறையில்லை, நானா. நிழலிலைதான் பாவிக்கோணுமெண்டு சொல்ல மறந்துபோனியள்."

உடைத்துப் பார்த்து விற்பனை

அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடுப்பக்கம் போகிற வண்டிகளை மறித்துச் செய்தி சொல்லி அனுப்பலாம் என்று பார்த்தேன். அங்கே கூடுகிற சனத்தில் சந்தியாப்பிள்ளை என்று ஒருவன் கூப்பிட்டால் நூறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இரவில் தூக்கம் இல்லை. தொழுகையில் நின்றால் அந்தப் பித்தளை வளையம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

வியாபாரமும் கெட்டது. அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை பார்த்த ஒரு கிளாக்கர் வேட்டைக்குப் போக நல்ல கத்தி கேட்டார். ஒன்றை எடுத்து வாசல் நிலையில் ஓங்கி அடித்தேன். தாங்கியது. திருப்தி வரவில்லை. அலகை ஒரு வெடிப்புக்குள் செருகிப் பக்கவாட்டில் நெரித்தேன், படீரென்று முறிந்தது. அடுத்ததை எடுத்தேன். சுலைமான் கதிரையில் இருந்து எழும்பினான். அவன் எழும்பி நான் கண்டது அபூர்வம். கிளாக்கர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

"வாங்க முந்தி நீங்களே உடைச்சுப்போட்டால் நான் காட்டுக்கு எதைக் கொண்டு போறது?"

முருங்கன் வழியில்

"மச்சான், நீங்கள் கடையிலை நிக்கிறதைவிட வழியிலை நிக்கிறதுதான் கடைக்கு லாபம். போயிட்டு வாங்கோ" என்று சுலைமான் சொல்லிவிட்டான். அலுமாரியைத் திறந்து சீமைக் கத்தியை எடுத்து மடியில் கட்டினேன். ஒரு யாத்திரிகர் குடும்பத்தின் வண்டியில் எனக்கும் இடம் கிடைத்தது. ஏறினேனே தவிர உள்ளே இருக்க முடியவில்லை. மாடு மெதுவாகப் போனால் இறங்கி முன்னால் நடந்தேன். எங்கே அடுப்புப் புகை தெரிந்தாலும் ஓடிப்போய்க் கைக்குழந்தையோடு ஒரு பேசாலைக்காரனைக் கண்டீர்களா என்று கேட்டேன். ஓம் என்றார் ஒருவர், இல்லை என்றார் ஒருவர், போன வருடம் கண்டேன் என்றார் இன்னொருவர்.

முருங்கன் தாண்டியதும் பாதையோரம் ஒரு பித்தளை வளையம் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். அது வண்டிமாட்டின் கொம்புப் பூண். அதைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்று எனக்குள் நானே ஏதோ முணுமுணுத்திருக்கிறேன். வண்டியில் இருந்த அம்மா ஒருத்தி என்னைக் காலையில் இருந்து கவனித்து வந்தவள், பாவம் பார்த்து ஒரு இளநீரை நீட்டினாள்.

"உங்களுக்கும் என்னவோ நேர்த்தி இருக்குப் போலை, நானா. வெக்கப்படாமல் மாதாவிட்டைச் சொல்லுங்கோ, அவ ஆள் பாக்கிறேல்லை."

கொடி இறங்கட்டும்

மடுவில் நான் முதலில் கண்டது குழந்தையை. ஒரு பாலை மரத்தின் கீழே பாயில் குப்புறக் கிடந்து மண்ணைத் தின்றுகொண்டிருந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் கொட்டில், அடுப்பு, ரோசாலியா. அந்தப் பக்கம் சந்தியாப்பிள்ளை விறகு வெட்டிக்கொண்டிருந்தான். கையில் என் கத்திதான், ஆனால் அரக்குப் பிடியைக் காணவில்லை. அலகின் பின்பாதிக்குத் துணி சுற்றி, அதன்மேல் வலைக்கயிற்றை நெருக்கமாக வரிந்து, அதையே பிடியாக்கியிருந்தான். வெட்டுவதற்கு மிச்சம் கொஞ்ச அலகுதான். அதை வைத்துக்கொண்டுதான் அந்தக் கொட்டிலைப் போட்டிருக்கிறான்.

"முதல் நாளே கழண்டது" என்றான். நேர்த்தி நடை தொடங்கினால் திரும்பி நடக்கக் கூடாது, அதனால் கடைக்கு வரவில்லை. மடியை அவிழ்த்துச் சீமைக் கத்தியை நீட்டினேன். "பிழை என்னிலைதான், தம்பி. இதை வைச்சுக்கொள். என்னை நல்லா ஏசு" என்றேன். அவன் கத்தியை வாங்கிக் கொட்டிலின் கப்புத் தூணில் செருகினான், உறையைக்கூடக் கழற்றவில்லை. பிறகு ஒரு தட்டில் எனக்கும் சோறு போடும்படி ரோசாலியாவிடம் கையைக் காட்டினான்.

"நேர்த்தியிலை நிக்கிறன், நானா. கொடி இறங்கினாப் பிறகுதான் உங்களோடை கோபிக்கலாம்."

நாலு விரல்

கடன்காரனுக்காகக் காத்திருப்பார்கள், கலியாணத்துக்காகக் காத்திருப்பார்கள். ஏச்சு வாங்கக் காத்திருந்தவனை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். திருவிழா முடிகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன், குழந்தையைத் தூக்கி வைத்திருந்தேன், அது என் தாடியைப் பிடித்து இழுத்தது. இரண்டு பேரும் என்னோடு மீன் விலை பேசினார்கள், காற்று மாறியது பற்றிப் பேசினார்கள். கத்தியைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானே எடுத்தால் சந்தியாப்பிள்ளை கொடிமரத்தைப் பார்ப்பான். ஒரு தடவை ஏசித் தொலைத்திருந்தால் நான் வீட்டுக்குப் போயிருப்பேன்.

மாதாவின் சுருவம் சுற்றி வந்தது, பூசை முடிந்தது, கொடி இறங்கியது. சனம் வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. சந்தியாப்பிள்ளை சீமைக் கத்தியைக் கப்பில் இருந்து உருவி எடுத்து வந்து என் கையில் திருப்பி வைத்தான். ரோசாலியா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லது. அவன் சொன்னதைக் கேட்டு நான் அந்த மரத்தடியில் நின்று அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"முள்ளு வெட்ட ஓங்கினனான், நானா. பிடி என்ரை கையிலை நிண்டுட்டுது. அலகு பறந்துபோய்ப் பிள்ளையின்ரை தலைமாட்டிலை குத்தி நிண்டது, நாலு விரல் தள்ளி. இனி ஆரும் மலிவாய்க் கத்தி கேட்டால், அந்த நாலு விரலை ஒருக்கா நினைச்சுப்போட்டு எடுத்துக் குடுங்கோ."

ஆகவே காட்டுக்குப் போக மலிவாக ஒரு கத்தி தேடுகிறவர்களே, வால் கடைசிவரை போகிறதா என்று பாருங்கள், ஆணி அறைந்திருக்கிறதா என்று பாருங்கள், அந்த நாலு விரலை நினைக்காமல் நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு விற்கிறவனிடம் மட்டும் வாங்கிவிடாதீர்கள்.