தாராவி கரண்ட்டின் மேல் போட்ட பழி

மாரிக்கண்ணன் செத்துப்போன வாரம், அவன் வேலை பார்த்த கம்பெனி எல்லோருக்கும் ஓர் இரங்கல் குறிப்பு அனுப்பியது. அமைதியானவன், யாரிடமும் முகம் சுளிக்காதவன் என்று அதில் இருந்தது. அவனைப் பற்றி இதைவிடப் பெரிய பொய்யை யாரும் சொல்லிவிட முடியாது. மாரிக்கண்ணன் கோபக்காரன். கத்த மாட்டான், மேசையைத் தட்ட மாட்டான், அவ்வளவுதான். கோபம் ஏற ஏற அவனுடைய குரல் இறங்கும். இங்கிலீஷும் ஹிந்தியும் கழன்றுபோய் அப்பா அய்யாத்துரையிடம் கற்ற திருநெல்வேலிப் பேச்சு மட்டும் மிஞ்சும். ஆபீசில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. அதனால் அவன் திட்டும்போதெல்லாம் ஏதோ தன்பாட்டில் வேலை செய்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பிறந்தது வளர்ந்தது மும்பை தாராவி, அறுபதடி சாலைக்குப் பின்பக்கம். செம்பூரில் இன்ஜினியரிங் படித்தான். கல்யாணத்துக்குப் பிறகு கோபர்கைரனேவுக்குக் குடிபோனான். மருத்துவக் கருவிகளோடு இணைக்கும் கம்ப்யூட்டர் பெட்டிகளைச் செய்யும் கம்பெனியில் வேலை. அந்தப் பெட்டிக்குள் திரையில் படத்தை வரைவதற்கென்றே ஒரு கார்டு இருக்கும். அதோடு பேசி வேலை வாங்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அந்த டிரைவர் எங்கே விழுகிறது, ஏன் விழுகிறது என்று துருவிப் பார்ப்பதுதான் அவனுடைய பிழைப்பு. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள், டிரைவர் என்றதும் எந்த வண்டி என்று கேட்பார்கள். அதற்கு மட்டும் அவனுக்குக் கோபம் வந்ததில்லை.

ஒரு டிரஸ்ட் தாராவியில் நடத்திய எக்ஸ்ரே அறையிலிருந்து புகார் வந்தது. காசநோய் இருக்கிறதா என்று பார்க்க நெஞ்சுப் படம் எடுக்கும் அறை அது. படம் எடுத்த கணத்தில் திரை கறுத்துவிடுகிறது, கம்ப்யூட்டர் உறைந்துவிடுகிறது, எடுத்த படம் போய்விடுகிறது. நோயாளியை மறுபடியும் நிறுத்திக் கதிரைப் பாய்ச்ச வேண்டியிருக்கிறது. தினமும் நடக்காது, ஆனால் நடந்துகொண்டே இருக்கும்.

மேலதிகாரி ஜம்பு மாட்டுங்காக்காரர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்தப் புகாரையும் மூடுவதில்தான் அவருக்குச் சந்தோஷம்.

“மாரி, இது தாராவிடா. அங்க கரண்ட்டே அப்படித்தான் இருக்கும். சைட் பவர் இஷ்யூன்னு போட்டு மூடிடு.”

“அந்த ரூம்ல யுபிஎஸ் இருக்கு சார்.”

“யுபிஎஸ்ஸும் தாராவில வாங்கினதுதானே.”

“நானுந்தான் தாராவில வாங்குனது” என்றான் மாரிக்கண்ணன். ஜம்பு சிரித்தார். இவன் சிரிக்கவில்லை.

ஆபீசில் அதே பெட்டியை வைத்து எத்தனை நாள் ஓட்டியும் திரை கறுக்கவே இல்லை. அங்கே மானிட்டரை அணைக்கிற வழக்கமே கிடையாது. தானாக அணையாதபடியும் வைத்திருந்தார்கள். ராவும் பகலும் எரியும். பிறகு பெட்டியின் ஒவ்வொரு அசைவையும் பதிந்துவைக்கும்படி டிரைவரில் ஒரு வேவு வைத்து, அதை எக்ஸ்ரே அறைக்கு அனுப்பினான். வேவு இருந்தவரைக்கும் அங்கேயும் கோளாறு வரவில்லை. வேவை எடுத்ததும் வந்தது. “பார்த்தியா, தானா சரியாறது, தானா கெடறது. கரண்ட்டேதான்” என்றார் ஜம்பு. மாரிக்கண்ணனுக்கு அப்போதே பொறி தட்டியது. பதிந்துவைக்கும் வேலை டிரைவரைக் கண்ணிமைக்கும் நேரம் தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதத்தில் கோளாறு மறைகிறது. அப்படியானால் இது கரண்ட் இல்லை, அவசரம். யாரோ எதற்கோ காத்திருக்காமல் முந்திக்கொள்கிறார்கள்.

லீவு போட்டுவிட்டு நேரே அந்த அறைக்குப் போனான்.

அங்கே எக்ஸ்ரே எடுப்பவள் பெயர் ஹபீபா. ஊர் கடையநல்லூர்ப் பக்கம், வளர்ந்தது தாராவி. இவனைப் பார்த்ததும், “கம்பெனியில இருந்தா வாறிய? கரண்ட் சரியில்லன்னு எழுதிட்டுப் போகணும், அவ்வளவுதானே. பேனா தரட்டா அண்ணே?” என்றாள்.

“பேனா இருக்கு. உக்கார எடம் குடுங்க, போதும்.”

“நல்லா உக்காருங்க. எனக்குத்தான் உக்கார நேரமில்ல. மெஷினக் கெடுக்கியன்னு டிரஸ்ட்ல ஏற்கெனவே ரெண்டு மட்டம் கேட்டுட்டாங்க. இன்னொரு மட்டம் கேட்டா வேலை போயிரும்.”

மூலையில் உட்கார்ந்து அவளுடைய கைகளையே பார்த்தான். நோயாளியை உள்ளே நிறுத்தப் போகும்போது, எழுந்த வேகத்தில் அவள் கை போர்டுக்குப் போய் மானிட்டர் சுவிட்சை அணைத்தது. திரும்பி வந்ததும் ஒரு கையால் சுவிட்சைப் போட்டாள், மறுகையால் படமெடுக்கும் பொத்தானை அழுத்தினாள். இரண்டும் ஒரே வீச்சில் நடந்தன.

“எதுக்கு அணைக்கிய?”

“எந்திரிச்சா அணைக்கணும்லா? உங்க வீட்ல அணைக்க மாட்டாங்களா?”

ஆளில்லாத இடத்தில் எதுவும் எரியக் கூடாது என்றுதான் அவனும் வளர்ந்தான். கோபர்கைரனே வீட்டில், மனைவி கலைச்செல்வி உட்கார்ந்திருக்கும்போதே ஃபேனை அணைத்துவிட்டு அறையைவிட்டுப் போகிறவன். “நான் ஒருத்தி இருக்கேன்லா, என்னையும் அணைச்சிட்டுப் போங்க” என்று அவள் தினமும் ஏசுவாள்.

“சரி, ரெண்டையும் ஒண்ணா அழுத்துதியளே, ஏன்?”

“இருமுறவங்க எவ்வளவு நேரம் மூச்சப் பிடிப்பாங்க? நான் ஆற அமரத் திரையப் பாத்துட்டு அழுத்துனா, அவங்க அங்கன நின்னு திணறுவாங்க.”

விடை கிடைத்துவிட்டது. மானிட்டர் அணைந்ததும், வரைய ஒன்றுமில்லை என்று மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கார்டு தூங்கிவிடும். சுவிட்சைப் போட்டதும் விழிக்கத் தொடங்கும். விழித்து முடிக்க அதற்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். அதற்குள் படம் வந்துவிடுகிறது. டிரைவரோ அது விழித்துவிட்டதா என்று பாராமல் வேலையைக் கொடுத்து, பதிலும் கேட்கிறது. தூங்குகிறவனை உலுக்கிவிட்டு, அவன் கண் திறக்கும் முன்னே கணக்குக் கேட்டால் உளறத்தான் செய்வான். அந்த உளறலைப் பதில் என்று நம்பி டிரைவர் தலைகுப்புற விழுகிறது. தப்பு முழுக்கக் கம்பெனியுடையது. கார்டு ‘விழித்துவிட்டேன்’ என்று சொல்லும்வரை காத்திருக்கச் செய்தால் போதும்.

அவன் செய்த பிழை இதற்குப் பிறகுதான். பிழை என்றுகூடச் சொல்ல முடியாது, அந்தத் தொழிலின் வழக்கம் அது. கோளாறை மறுபடி வரவழைப்பது எப்படி என்று முதலில் படிப்படியாக எழுதுவார்கள், காரணத்தைக் கடைசியில் எழுதுவார்கள். மாரிக்கண்ணனும் அப்படியே எழுதினான். முதல் படி: ஆபரேட்டர் மானிட்டரின் சுவிட்சை அணைக்கிறார். அந்தத் தொழிலில் இருக்கிற எவரும் அதைக் குற்றச்சாட்டாகப் படிக்க மாட்டார்கள். ‘மழை பெய்கிறது’ என்பது போல ஒரு தகவல், அவ்வளவுதான்.

ஜம்பு அந்தப் படிகளை மட்டும் வெட்டி எடுத்து டிரஸ்ட்டுக்கு அனுப்பினார். கீழே, ‘பயனாளர் பயிற்சி தேவை’ என்று தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார். சுவிட்சைத் தொடாதே என்று ஒட்டுவதற்கு ஒரு ஸ்டிக்கரும் போயிற்று.

ஹபீபா போன் செய்தாள். “நல்லா எழுதியிருக்கியண்ணே. நாளையில இருந்து வரவேண்டாம்னுட்டாங்க. படம் எடுக்க வந்தவங்க முன்னாலயே டிரஸ்ட் மேடம் சொன்னாங்க, இந்தப் பொண்ணுதான் மெஷினக் கெடுத்ததுன்னு. நீங்க உக்காந்து பாத்தது இதுக்குத்தானா?”

பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள்.

மாரிக்கண்ணன் ஜம்புவின் அறைக்குப் போனான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“காரணத்த ஏன் சார் வெட்டுனிய?”

“அது உள்விவகாரம்டா. நம்ம டிரைவர்ல தப்புன்னு வெளில எழுதிண்டு இருக்க முடியுமா? அவ சுவிட்சை அணைச்சாளா இல்லையா? நீதானே எழுதியிருக்க.”

“சுவிட்ச அணைக்கது குத்தமா சார்? அணைக்கதுக்குத்தான சுவிட்ச வச்சிருக்கான்?”

“ஒரு எக்ஸ்ரே பொண்ணுக்காக ஏன் இவ்வளவு குதிக்கற?”

“மொதல்ல கரண்ட்டுன்னிய. அது இல்லன்னதும் அந்தப் புள்ளன்னுதிய. நம்ம பேரத் தவிர எல்லாப் பேரையும் எழுதுதீங்க. அங்க படம் போன ஒவ்வொருத்தரும் ரெண்டு மட்டம் கதிர் வாங்கிட்டுப் போயிருக்காங்க சார்.”

ஜம்பு, டீ குடிக்கலாம் வா என்றார். இவன் போகவில்லை. பெட்டி ஒன்றையும் மானிட்டர் ஒன்றையும் டாக்சியில் ஏற்றிக்கொண்டு செம்பூரில் இருந்த டிரஸ்ட் ஆபீசுக்குப் போனான்.

டிரஸ்ட் செயலாளர் ஸ்ரீலேகா வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர். மரியாதையாகத்தான் உட்காரவைத்தார். “அந்தப் பொண்ணு சுவிட்சை அணைச்சது உண்மைதானே?” என்று கேட்டார். போன இடமெல்லாம் இதே கேள்வி.

“உண்மைதான் மேடம். இப்ப இங்க யாரும் சுவிட்சத் தொட வேண்டாம். இது செம்பூர் கரண்ட்டு. பாருங்க.”

திரை தானாகவே அணைந்து தூங்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தான். பிறகு மவுஸை அசைத்துக்கொண்டே, எக்ஸ்ரே வருவதுபோல ஒரு படத்தை அனுப்பினான். ஒழுங்காக வந்தது. மறுபடி தூங்கவிட்டான், மறுபடியும் ஒழுங்காக வந்தது. காரணம் தெரிந்தபின் ஆபீசில் எவ்வளவோ தடவை அவன் கண்முன்னால் செத்த பெட்டி, இன்றைக்குப் பார்த்துச் சாகமாட்டேன் என்றது. ஸ்ரீலேகா கடிகாரத்தைப் பார்த்தார், டீ வந்தது, டீ ஆறியது. “இருக்கட்டும், இன்னொரு நாள்…” என்று அவர் எழுந்திருக்கும்போது திரை கறுத்தது. பெட்டி உறைந்துவிட்டது.

“யார் மேடம் அணைச்சா?” என்றான் மாரிக்கண்ணன்.

அவர் போர்டைப் பார்த்தார். சுவிட்ச் போட்டபடியே இருந்தது. அவர் மறுபடி உட்கார்ந்தார். தான் திருத்திவைத்திருந்த டிரைவரை அவன் ஏற்றினான். அப்புறம் அந்த ஆபீஸ் பூட்டும்வரைக்கும் திரை கறுக்கவில்லை.

கம்பெனி வேறு வழியில்லாமல் திருத்திய டிரைவரை எல்லா இடத்துக்கும் அனுப்பியது. கூடப் போன குறிப்பில், ‘செயல்பாடு மேலும் மேம்படுத்தப்பட்டுள்ளது’ என்று ஒரே வரி. மன்னிப்பு என்கிற வார்த்தை அந்தப் பக்கம்கூட வரவில்லை. மாரிக்கண்ணனுக்கு அந்த வருஷம் பதவி உயர்வும் இல்லை; கூட வேலை செய்யத் தெரியாதவன் என்று ஜம்பு எழுதிவிட்டார். செத்தபிறகு அதே ஆட்கள்தான் அவனை அமைதியானவன் ஆக்கினார்கள்.

ஹபீபாவை டிரஸ்ட் திரும்பக் கூப்பிட்டது. அவள் உடனே போகவில்லை. “எல்லார் முன்னாலயும் சொன்னதை எல்லார் முன்னாலயும் திரும்ப எடுக்கட்டும். அப்ப வாறேன்” என்று சொல்லிவிட்டாள். மாரிக்கண்ணனையும் வரச் சொன்னாள். “நீங்களும் வந்து நில்லுங்க. உங்க எழுத்துலதான் போச்சு.” அவள் மன்னித்துவிட்டாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை, போய் நின்றான்.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே இருமல் வரிசை வாசல்வரைக்கும் நின்றது. ஸ்ரீலேகா வந்து, “ஒரு சின்ன மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் ஆயிடுத்து…” என்று ஆரம்பித்தார்.

“அது இல்ல மேடம்” என்றாள் ஹபீபா. “என்னைப் போகச் சொன்ன அன்னைக்கு நான் கெடுத்தேன்னு தெளிவாச் சொன்னீங்க. இதையும் அப்படியே தெளிவாச் சொல்லுங்க.”

ஸ்ரீலேகாவின் முகம் சிவந்தது. மாரிக்கண்ணனைப் பார்த்தார். அவன் உதவிக்கு வரவில்லை. வரிசையின் பக்கம் திரும்பி, “மெஷின்லதான் கோளாறு இருந்தது. ஹபீபா மேல தப்பு இல்லை. விசாரிக்காம சொன்னது எங்க தப்பு” என்றார்.

“ஹிந்தியிலயும் சொல்லிருங்க. பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது.”

சொன்னார். கல்தீ ஹமாரீ தீ, தப்பு எங்களுடையது என்று வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

வரிசையில் நின்ற கரீம் பாட்சா என்கிற தையல்காரர், இருமி முடித்துவிட்டுக் கேட்டார்: “எல்லாம் சரி மேடம். படம் எடுக்கிற ஆள உள்ள விடுதியளா, இல்ல இன்னும் பேசணுமா?”

ஹபீபா பையைத் தோளிலிருந்து இறக்கினாள். “வாங்க மாமா, நீங்கதான் முதல்ல. சட்டையக் கழட்டுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.