இறக்கத்தில் ஒரு பழைய சைக்கிள்

மற்ற ஊர்களில் சைக்கிள் பழுது பார்ப்பவர்களுக்குப் பஞ்சர் ஒட்டுவதுதான் முதல் வேலை. எங்கள் ஊவா மலையில் பிரேக்தான் முதல் வேலை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பழைய சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெடலில் கால் வைக்கும்போதே இன்றைக்கு எது கழன்று விழப்போகிறதோ என்று யோசிக்கும் உங்களில் நானும் ஒருத்தி. பதுளை டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். வீடு, டவுனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று. பெட்ரோல், டீசல் எண்ணெய்க்காக நாடே வரிசையில் நின்ற காலத்தில் எங்கள் பக்கம் பஸ் நின்றுபோனது. வேலைக்கு வராவிட்டால் வேறு ஆள் பார்ப்போம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். வீட்டு இஸ்தோப்பில், அதாவது லயத்துக் காம்பரா என்னும் ஒற்றை அறைக்கு முன்னால் இருக்கும் தாழ்வாரத்தில், என் கணவரின் சைக்கிள் பல வருடமாகக் கூரைமரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறார். பள்ளிக்கூட நாளில் அண்ணனுடைய சைக்கிளில் பழகியது மறந்திருக்காது என்ற தைரியத்தில் அதைக் கீழே இறக்கினேன்.

செடிக்குள்ளே

முதல் நாளே மாட்டிக்கொண்டேன். கோயில் வளைவுக்கு மேலே ஒரு நீண்ட இறக்கம். பிரேக்கை அழுத்தினேன். கை முழுதாக மடங்கியது, சைக்கிள் நிற்கவில்லை. பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு மட்டும் மிச்சம் இருந்ததும், பனி ஈரத்தில் ரிம் வழுக்கியதும் பிறகு தெரிந்துகொண்டவை. அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்திருந்தது, வளைவுக்கு அந்தப் பக்கம் பள்ளம் என்பது மட்டும்தான். பிள்ளைகள் இரண்டின் முகமும் கண்ணுக்குள் வந்தது. ஹேண்டிலை ரோட்டோரத்துத் தேயிலைக்குள் திருப்பிவிட்டேன்.

தேயிலை தூரத்தில் பார்க்கத்தான் மெத்தை மாதிரி இருக்கும். உள்ளே இருப்பதெல்லாம் இறுகிப்போன குச்சி. கையிலும் நெற்றியிலும் கிழித்துவிட்டது. மேல் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு ஓடி வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வந்து சேர்ந்தவர் கங்காணி. குனிந்து, நான் விழுந்து கிடந்த செடியின் கிளைகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து பெண்களிடம் சொன்னார்: “செடிக்கு ஒண்ணும் இல்ல. இந்தப் பிள்ளையத் தூக்குங்க.”

போனில் படித்தது

அன்று கடையில் இருந்து வரும்போது புது பிரேக் கட்டைகளும் ஒரு ஸ்பேனரும் வாங்கி வந்தேன். சைக்கிளை உருட்டிக்கொண்டே மலை ஏறினேன். மாட்டிக் கொடுக்க ஆள் இல்லை. கணவருக்குப் போன் எடுத்து, போனை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்தேன். அவர் பக்கத்தில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. “மொதல்ல முன்வீல் நட்டை இளக்காத, பிரேக்குக்கு மேல இருக்கிற சின்ன நட்டை இளக்கு. கட்டைய உள்ள தள்ளுறப்ப மூடுன பக்கம் முன்னுக்கு இருக்கணும். மாத்திப் போட்டா பிரேக் பிடிக்கிறப்ப கட்டை கழண்டு ஓடிரும்” என்றார். நடுவில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். “இருங்க சேர், வீட்டுல ஒரு அவசரம்” என்று அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

நெற்றியில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. எங்கள் சின்னவள் போனுக்குப் பக்கத்தில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் நட்டை இறுக்கி, சக்கரத்தைச் சுற்றி, பிரேக்கைப் பிடித்தேன். சக்கரம் சட்டென்று நின்றது. நின்றுவிட்டது என்று சொன்னேன். அவர் சொன்னார்: “வீட்டுல ஒரு ஆம்பள இருந்திருக்கணும்னு நீ போன் எடுத்தப்ப நெனச்சேன் புள்ள. இப்ப, நான் அங்க இருந்திருக்கணும்னு நெனைக்கிறேன்.”

கம்பளிப் பக்கம்

செயின் எண்ணெய் சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் போகாது என்பது உங்களுக்குத் தெரியும். தேசிக்காய், அதாவது எலுமிச்சைத் தோலால் தேய்த்தேன், சாம்பலால் தேய்த்தேன். நகக்கண்ணில் கறுப்பு ஒரு கோடாக நின்றுவிட்டது. கடையில் நான் நிற்பது சேலைப் பக்கம். ஒரு நாள் ஹல்துமுல்லையில் இருந்து ஒரு தாயும் மகளும் கல்யாணத்துக்குக் கூறைச்சேலை பார்க்க வந்தார்கள். நான் சேலையை விரித்து, முந்தானையைத் தூக்கிக் காட்டினேன். அந்தத் தாய் சேலையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தார். பிறகு, என் மனம் நோகக்கூடாது என்பது போல மெதுவாக, சேலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

முதலாளி கல்லாவில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய குடும்பம் இந்தியாவில் இருந்து வந்து பதுளையில் கடை போட்டு எத்தனையோ காலமாகிறது. சத்தம் போட்டு யாரையும் ஏசுகிறவர் இல்லை. அவர்கள் சேலை வாங்கிப் போகும்வரை காத்திருந்தார். நான் பதில் ஒன்று தயார் செய்து வைத்திருந்தேன். இந்தக் கை இப்படி இல்லாவிட்டால் நான் கடைக்கே வந்திருக்க முடியாது என்று. அதைச் சொல்ல எனக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் கோபமே இல்லாமல் பேசியதால்தான் அது இன்றைக்கும் வலிக்கிறது. “கம்பளிப் பக்கம் போய் நில்லும்மா பரமேஸ்வரி. அங்க கறை தெரியாது.”

ஐந்தாவது ஆள்

எண்ணெய் கிடைக்காத அந்த நாட்களில் சைக்கிள் திருட்டு கூடிவிட்டது. பக்கத்து லயத்தில் பூட்டோடு தூக்கிக்கொண்டு போனார்கள். மழைக்காலம் வேறு, இஸ்தோப்பில் விட்டால் சாரல் அடித்து ரிம் துருப்பிடிக்கும். அதனால் சைக்கிளைக் காம்பராவுக்குள் எடுத்துவைத்தேன். எங்களுக்கு இருப்பது ஒரே காம்பரா. நான், மாமியார், பிள்ளைகள் இரண்டு பேர். பின் சக்கரம் சரியாக மாமியாரின் தலைமாட்டில் வந்து நின்றது. கொழுந்து மலையில் வாழ்நாள் எல்லாம் நின்று ஓய்ந்த மனுஷி அவர். பாயை உதறி விரித்தார், சக்கரத்தைப் பார்த்தார், பாயைக் கொஞ்சம் சுருக்கி மடித்துக்கொண்டார். விளக்கை அணைக்கப் போன என்னிடம் சொன்னார்: “ஒம் புருஷனக் கொழும்புல விட்டுட்டு, அவன் சைக்கிளுக்கு எடம் குடுத்துட்டோம்.”

செயின் என்னிடம் இருந்தது

நான் பிரேக் மாட்டிய செய்தி லயம் முழுக்கப் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொருவராகச் சைக்கிளைக் கொண்டுவந்து இஸ்தோப்பில் சாய்த்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் முருகேசண்ணன். எல்ல ஊர்ப் பக்கம் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு வீட்டில் தோட்ட வேலை. காலையில் கெரியரில் மகளை உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் போவார். செயின் கழன்று கழன்று விழுகிறது, அதை மட்டும் பார் என்றார். செயினைக் கழற்றிவிட்டு பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கட்டையே இல்லை. செருப்பைத் தரையில் தேய்த்துத்தான் இத்தனை நாளும் இறங்கியிருக்கிறார். கட்டை மாற்றாமல் செயினை மாட்டித் தரமாட்டேன் என்று சொன்னேன். “நான் கேட்டது செயினு. பிரேக்க உங்கிட்ட யாரு கேட்டா?” என்றார். எனக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. “உங்களுக்காகச் சொல்லலண்ணே. பின்னால உக்காந்து வர்றவளுக்காகச் சொல்றேன்” என்றேன்.

லயமே வெளியே வந்து நின்று பார்த்தது. பொம்பளையிடம் சாமான் கொடுத்தது தன்னுடைய பிழை என்று கத்திவிட்டு, செயின் இல்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் சொல்லி என்னை ஒரு கை பார்ப்பதாகவும் சொன்னார். செயின் என் தகர டின்னுக்குள் எண்ணெயில் கிடந்தது. அந்த வாரம் முழுவதும் அவரும் மகளும் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவதைப் பார்த்தேன். பிள்ளை புத்தகப் பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு போனது. அதைப் பார்த்து என் மனம் இளகியது. கொடுத்துவிடலாமா என்று டின்னைக்கூடத் திறந்தேன்.

கடைசியில் அவரே கட்டை வாங்கி வந்தார். இஸ்தோப்பில் வைத்தார், நான் கட்டையும் செயினும் மாட்டினேன். இன்றைக்கும் எனக்கு முகம் கொடுப்பதில்லை. ஆனால் எங்கள் லயத்தைத் தாண்டும்போது, தேவையே இல்லாத இடத்தில் ஒரு தடவை பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் போவார். நான் டின்னைத் திறந்தேன் என்றேனே, அன்றைக்கு அதை மூடவைத்தது அவர் மனைவி லெட்சுமி. காலைப் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கு எடுக்கும் இடத்துக்குப் போகிற அவசரத்தில் கூடையோடு வந்து, படியில் ஏறாமலே சொன்னாள்: “செயினக் குடுத்துராதீங்கக்கா. அவரு கோவம் போயிரும். புள்ள போனா வராது.”

சீட்டு உயரம்

பஸ் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகு ஒரு நாள், ஒரு மனிதர் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். பெயர் சின்னையா. மண் சரிந்து அவருடைய லயம் புதைந்துபோனது. அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீட்டில் இப்போது மனைவியோடு இருக்கிறார். அங்கிருந்து அவர் வேலை செய்யும் தேயிலை மலை வெகுதூரம். சைக்கிள் அவருடைய மகனுடையது. மகன் பண்டாரவளையில் பேக்கரி ஒன்றில் வேலை செய்தவன். லீவில் வீட்டுக்கு வந்திருந்த அன்றுதான் மலை இறங்கியது. மகனை இரண்டாம் நாள் எடுத்தார்களாம். சைக்கிள், பாதை திருத்த மெஷின் வந்தபோதுதான் வெளியே வந்ததாம். இதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. நான் வேலை செய்யச் செய்ய, என் கையைப் பார்த்துக்கொண்டே, இடையிடையே சொன்னார்.

அச்சுக்குள்ளும் பெடலுக்குள்ளும் செம்மண் செங்கல் மாதிரி இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஊசியால் கிண்டி, துணியால் துடைத்து, பேரிங் குண்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். ஒரு ஞாயிறு போதவில்லை. வழக்கமாக அழுக்கு மண்ணெண்ணெயை லயத்துக் கழிவுநீர்க் கானில்தான் ஊற்றுவேன். அன்றைக்கு மனம் வரவில்லை. மண்ணை மட்டும் வடித்து எடுத்து, வீட்டுக்குப் பின்னால் செவ்வந்திப் பாத்தியின் ஓரமாகப் போட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு புது டயர், டியூப், பிரேக் கட்டை எல்லாம் போட்டேன். சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது.

ஏறிப் பார்க்கச் சொன்னேன். மகன் நெட்டையாக இருந்திருக்கிறான், அப்பா குள்ளம். சீட்டில் உட்கார்ந்தால் அவருடைய கால் பெடலைத் தொட்டும் தொடாமலும் நின்றது. சீட்டு உயரமாக இருந்தால் இறக்கத்தில் காலை ஊன்ற முடியாது, ஆபத்து. ஒரு நட்டை இளக்கினால் போதும், ஒரு நிமிட வேலை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போனேன். அவர் இறங்கி நின்று, சீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார். உள்ளங்கை முழுவதையும் பதித்து வைத்திருந்தார். நான் ஸ்பேனரோடு நின்றேன். அவர் குரல் சாதாரணமாக இருந்தது: “இருக்கட்டும் புள்ள. அது அவன் காலுக்கு வச்சது. நான் எட்டிப் பழகிக்கிறேன்.”

இத்தனை சைக்கிள்களைக் கவிழ்த்துப் போட்டுக் கற்றுக்கொண்டதைச் சொல்வதென்றால், சைக்கிளை நமக்குச் சரியென்று பட்டபடி திருத்திவிடலாம், அதில் தனியாக ஏறிப் போகிறவரை அவருக்குச் சரியென்று பட்டபடிதான் போகவிட வேண்டியிருக்கிறது.